மூணு வருஷம் ஆச்சுன்னா ஓட்டு போடலாமாம்ல? ஸ்வீடன் அரசியல் புரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்கப்பா

கோதன்பர்க்_குமரன்:
வணக்கம் மக்களே. நான் இங்க வந்து மூணே கால் வருஷம் ஆச்சு. நேத்து ஃபிகா (காபி பிரேக்) நேரத்துல டீம்ல இருக்கற ஒரு ஸ்வீடிஷ் அம்மா செப்டம்பர்ல நீயும் ஓட்டு போடுவல்லன்னு கேட்டாங்க, நான் சிரிச்சுட்டே இல்லீங்க எனக்கு இந்தியன் பாஸ்போர்ட்னு சொன்னேன், அதனால என்ன, கொம்மூன் (உள்ளாட்சி) எலெக்‌ஷனுக்குப் போடலாமேன்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு காபி ஊத்தப் போயிட்டாங்க. நிஜமாவா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு ராஜா இருக்காரு, டாக்ஸ் ஜாஸ்தி, அப்புறம் ஊர்ல இருந்து மாமா வாரம் ஒரு தடவ அனுப்பற "ஸ்வீடன் முடிஞ்சுபோச்சு" வாட்ஸப் வீடியோ, அவ்ளோதான். எட்டு கட்சி பேரு சொல்றாங்க, மூணாவது இடத்துல வந்த கட்சிக்காரர் பிரதமராம், ரெண்டாவது வந்த கட்சி கேபினெட்லயே இல்லையாம், தலையும் புரியல வாலும் புரியல. இங்க பவர் யாரு கையிலதான் இருக்கு?

உப்சாலா_பனி:
நிஜம்தான். 1976ல இருந்து இருக்கற ரூல். தேர்தல் நாளுக்கு முன்னாடி மூணு வருஷம் தொடர்ச்சியா இங்க அட்ரஸ் பதிவாகி இருந்தா எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும் கொம்மூனுக்கும் ரீஜனுக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) ஓட்டு உண்டு, வாக்காளர் பட்டியல்ல பேர் சேக்க நீங்க எங்கயும் அலைய வேணாம், ரோஸ்ட்கோர்ட், அதாவது வாக்காளர் அட்டை, வீட்டுக்கே தபால்ல வந்துரும். பூத்ல மூணு கலர் சீட்டு இருக்கும், மஞ்சள் ரிக்ஸ்டாக்குக்கு, அதாவது பார்லிமென்ட், அது குடிமக்களுக்கு மட்டும். நீலம் ரீஜன், வெள்ளை கொம்மூன். உங்களுக்கு நீலமும் வெள்ளையும்.

சின்ன எலெக்‌ஷன்தானேன்னு நெனச்சுராதீங்க. உங்க சம்பளத்துல போற டாக்ஸ் சராசரியா 32 சதவீதம், அது போறது கொம்மூனுக்கும் ரீஜனுக்கும்தான், மத்திய அரசுக்குப் போற 20 சதவீதம் ஒரு லெவலுக்கு மேல சம்பளம் வாங்கறவங்களுக்கு மட்டும். பிள்ளை போற ஃபோர்ஸ்கோலா (பாலர் பள்ளி), ஸ்கூல், வயசானவங்க பராமரிப்பு, தண்ணி, குப்பை எல்லாம் கொம்மூன். ஆஸ்பத்திரி, பஸ், ட்ராம் எல்லாம் ரீஜன். காசு எங்க இருக்கோ அங்க உங்களுக்கு ஓட்டு இருக்கு பாஸ்.

டாக்ஸ்கட்டி_சலிச்சவன்:
போட்டு என்ன கிழிக்கப் போறோம். நான் எட்டு வருஷமா ஸ்டாக்ஹோம்ல இருக்கேன், வந்த அன்னைக்கே வாடகை வீட்டுக்கு க்யூல பேர் குடுத்தேன், இன்னும் க்யூலதான் நிக்கறேன். செகண்ட் ஹேண்ட் காண்ட்ராக்ட்ல, அதாவது உள்வாடகையில, இதுவரைக்கும் அஞ்சு வீடு மாறியாச்சு. பையனுக்கு 39 டிகிரி காய்ச்சல்னு ஃபோன் பண்ணா தண்ணி நிறைய குடுங்க மூணு நாள் பாருங்கன்னு ஒரே பதில். எந்தக் கட்சி வந்தாலும் இதேதான்.

கோதன்பர்க்_குமரன்:
@டாக்ஸ்கட்டி அந்தத் தண்ணி குடி கதை எனக்கும் நடந்துச்சு, ஆனா மூணு நாள்ல சரியாயிருச்சுங்கறதையும் ஒத்துக்கணும் ஹிஹி. சரி பனி, மூணாவது வந்தவர் எப்படி பிரதமர் ஆனாரு, அதச் சொல்லுங்க மொதல்ல.

உப்சாலா_பனி:
கொஞ்சம் நீளமா வரும், காபி எடுத்துக்கோங்க.

ரிக்ஸ்டாக்ல 349 சீட்டு. நாடு முழுக்க 4 சதவீதம் வாங்காத கட்சி பொதுவா உள்ளயே வர முடியாது, அதனால 4 பக்கத்துல தொங்கற சின்னக் கட்சிங்க உயிரக் கையில புடிச்சுட்டு நிக்கும். 2022ல சோஷியல் டெமாக்ரட்டுக்கு 107, குடியேற்றத்த எதிர்க்கற ஸ்வீடன் டெமாக்ரட்டுக்கு 73, மாடராட்டுக்கு 68, இடதுசாரிக்கும் சென்டருக்கும் ஆளுக்கு 24, கிறிஸ்டியன் டெமாக்ரட் 19, கிரீன் 18, லிபரல் 16. வலது பக்கம் (ஸ்வீடன் டெமாக்ரட், மாடராட், கிறிஸ்டியன் டெமாக்ரட், லிபரல்) மொத்தம் கூட்டினா 176, இடது பக்கம் 173. மூணே சீட்டு வித்தியாசம். மாடராட் தலைவர் உல்ஃப் கிரிஸ்டர்சன் பிரதமர், கிறிஸ்டியன் டெமாக்ரட்டும் லிபரலும் கேபினெட்ல. ஸ்வீடன் டெமாக்ரட் வெளிய இருந்து ஆதரவு, ஆனா சும்மா இல்ல, வெஸ்டெரோஸ் பக்கத்துல டீடோன்னு ஒரு கோட்டை, அந்தப் பேர்ல ஒரு ஒப்பந்தம் போட்டு போலீஸ், குடியேற்றம் மாதிரி விஷயத்துல என்னென்ன பண்ணணும்னு எழுதி வாங்கிட்டாங்க, அரசு ஆபீஸுக்குள்ள அவங்க ஆளுங்களும் உக்காந்திருக்காங்க. மந்திரி நாற்காலி இல்ல, ஆனா புடி இருக்கு.

இன்னொரு முக்கியமான சங்கதி. இங்க பிரதமர் ஆக பாதிக்கு மேல ஓட்டு வேணாம். பாதிக்கு மேல எதிர்ப்பு இல்லாம இருந்தா போதும். 2021 நவம்பர் 24, சோஷியல் டெமாக்ரட் தலைவர் மக்தலேனா ஆண்டர்சனுக்கு வோட்டிங். ஆதரவு 117, எதிர்ப்பு 174, 57 பேர் ஓட்டு போடாம விலகிட்டாங்க. 175 பேர் எதிர்த்திருந்தா தோல்வி, ஒண்ணு கம்மி, ஜெயிச்சுட்டாங்க. நாட்டோட முதல் பெண் பிரதமர். அன்னைக்கு மத்தியானமே எதிர்க்கட்சி எழுதின பட்ஜெட் பாஸாயிருச்சு, அந்த பட்ஜெட்ல எங்களால ஆட்சி பண்ண முடியாதுன்னு கிரீன் கட்சி கூட்டணிய விட்டு வெளிய போச்சு, சாயந்திரத்துக்குள்ள அம்மா ராஜினாமா. அஞ்சு நாள் கழிச்சு திரும்ப வோட்டிங், இந்தத் தடவ ஆதரவு 101தான், எதிர்ப்பு 173, திரும்பவும் பிரதமர். நம்ம ஊர்ல இப்படி நடந்தா எம்எல்ஏக்களை எல்லாம் ரிசார்ட்டுக்கு பஸ் ஏத்தியிருப்பாங்க.

மதுரை_வாசகன்:
நான் ஸ்வீடன் வந்ததில்ல, படிச்சதோட சரி. அங்க மந்திரிங்க பஸ்ல போவாங்களாம், சாக்லேட் வாங்கினதுக்கு ஒரு மந்திரி பதவி போச்சாம். சொர்க்கம்யா அது. நீங்க எல்லாம் குறை சொல்றீங்க.

உப்சாலா_பனி:
சாக்லேட் கதை உண்மை, முழுசாக் கேளுங்க. மோனா சாலின், சோஷியல் டெமாக்ரட் கட்சி, 1995ல துணைப் பிரதமர், அடுத்த பிரதமர் அவங்கதான்னு கிட்டத்தட்ட முடிவான நேரம். அரசாங்க கார்டுல சொந்தச் செலவு பண்ணிட்டு அப்புறமா கட்டியிருக்காங்க, அந்த லிஸ்ட்ல டோப்ளரோன் சாக்லேட்டும் இருந்துச்சு. பேரே டோப்ளரோன் விவகாரம்னு ஆயிருச்சு. போட்டியில இருந்து விலகிட்டாங்க. ஆனா பன்னண்டு வருஷம் கழிச்சு 2007ல திரும்ப வந்து கட்சித் தலைவரே ஆனாங்க, அத யாரும் வாட்ஸப்ல அனுப்ப மாட்டாங்க. 2006ல இன்னும் தமாஷ், புதுசா வந்த கலாச்சார மந்திரி 16 வருஷமா டிவி லைசன்ஸ் கட்டலன்னு வெளிய வந்துச்சு, டிவி அவங்க துறையிலதான் வருது! பத்தே நாள்ல போயிட்டாங்க.

இதெல்லாம் வெளிய வரக் காரணம் மனுஷங்க ரொம்ப யோக்கியம்ங்கறது இல்ல. 1766லயே ஒரு பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் போட்டு, சட்டம் ரகசியம்னு சொல்லாத வரைக்கும் அரசாங்கப் பேப்பர் யாரு கேட்டாலும் காட்டணும்னு வச்சுட்டாங்க. மந்திரியோட ரசீதும் பேப்பர்தான். உங்க வருமானமும்தான், பக்கத்து வீட்டுக்காரன் டாக்ஸ் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டு குமரன் போன வருஷம் எவ்ளோ சம்பாதிச்சார்னு கேக்கலாம், சொல்லிருவாங்க.

கோதன்பர்க்_குமரன்:
என்னாது?! பொண்ணு பாக்க வர்றவங்க கையில இது கெடச்சா அவ்ளோதான்.

நெல்லியடி_அக்கா:
தம்பி, சொர்க்கம் எண்டு எழுதினவருக்கு ஒரு கதை சொல்றன். நான் இஞ்ச 87ல வந்தனான். அதுக்கு முதல் வருசம், 86 பெப்ரவரி 28, பிரதமர் ஊலோஃப் பால்மே மனுசியோட படம் பாத்துட்டு ராத்திரி வீட்ட நடந்து போறார், காவலுக்கு ஒருத்தரும் இல்லை, அண்டைக்கு வேண்டாம் எண்டு அவரே அனுப்பிட்டார். ஸ்வேயாவேகன் எண்ட பெரிய றோட்டில பின்னால வந்து சுட்டுப் போட்டாங்கள். நான் வந்த நேரம் சனம் அந்த இடத்தில பூ வைக்கிறதைப் பாத்தனான், வந்த புதுசில எனக்கு அது கோயில் எண்டுதான் நினைப்பு. பிறகு 2003இல வெளிநாட்டு மந்திரி அன்னா லிண்ட், நடு ஸ்ரொக்கோமில பெரிய கடையொண்டுக்குள்ள ஒருத்தன் கத்தியால குத்திக் கொண்டு போட்டான், அவவுக்கும் காவல் இல்லை. யூரோ காசுக்கு மாறுறதோ எண்டு மக்களைக் கேக்கிற வாக்கெடுப்புக்கு நாலு நாள் இருக்கேக்க. வாக்கெடுப்பை நிப்பாட்டேல்லை, சனம் போய் வேண்டாம் எண்டு போட்டுது. அதுதான் இண்டைக்கும் குரோனா.

மந்திரி பஸ்ஸில போறது நல்லதுதான். அதுக்கு விலையும் குடுத்திருக்கினம்.

மதுரை_வாசகன்:
தெரியாமப் பேசிட்டேன் அக்கா. சரி ஒரு சந்தேகம், மந்திரி கிட்ட சிபாரிசுக்குப் போனா அங்க வேலை நடக்குமா?

டாக்ஸ்கட்டி_சலிச்சவன்:
நடக்காது. இது ஒண்ணுல நான் ஸ்வீடனுக்கு ஃபுல் மார்க் போடுவேன். என் ஃப்ரெண்டு ஒருத்தன், பழைய கம்பெனி இன்சூரன்ஸ் ஒழுங்காக் கட்டாம விட்டதால வொர்க் பர்மிட் எக்ஸ்டென்ஷன் சிக்கலாயிருச்சு, அவன் மேல தப்பே இல்ல, எம்பிக்கு மெயில் போட்டான், எம்பி ரொம்ப மரியாதையா பதில் போட்டாங்க, வருத்தமா இருக்கு, தனி கேஸ்ல நான் தலையிடக் கூடாதுன்னு. இந்த மாதிரி கேஸ் நிறைய நடந்து அதுக்கு ஒரு வார்த்தையே வந்துருச்சு, கொம்பெத்தென்ஸ் உத்வீஸ்னிங், அதாவது திறமைசாலிய நாடு கடத்தறது. அது பத்தாதுன்னு 2023 நவம்பர்ல மாச சம்பளம் 27,360 குரோனா இருந்தாத்தான் பர்மிட்னு ஆக்கினாங்க, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் 13,000.

உப்சாலா_பனி:
மந்திரி ஆட்சி, அதாவது மினிஸ்டர்ஸ்டீரே, இங்க கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை. ஒரு தனி ஆளோட கேஸ்ல அரசு அலுவலகம் என்ன முடிவு எடுக்கணும்னு மந்திரியோ ரிக்ஸ்டாக்கோ சொல்லக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. மந்திரி ஆபீஸ் சின்னது, வேலை நடக்கறது தனி ஏஜென்சிகள்ல. கோவிட் நேரத்துல டிவியில தெனமும் பிரதமர் வரல, ஆண்டர்ஷ் தெக்னெல்னு ஒரு அதிகாரிதான் ஸ்வெட்டர் போட்டுட்டு வந்து பேசினாரு ஞாபகம் இருக்கா? லாக்டவுன் இல்லாமப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம், முடிவு ஏஜென்சி பக்கம் இருந்துச்சு, அமைதிக் காலத்துல ஊரடங்கு போடறதுக்கு சட்டமும் கிடையாது. ஆனா வயசானவங்க ஹோம்ல நிறையப் பேர் செத்தாங்க, அவங்களக் காப்பாத்தத் தவறிட்டோம்னு விசாரணைக் கமிஷனே எழுதிச்சு.

குமரன் கேட்டதுக்கு இதுதான் பாதி பதில். பவர் எங்க இருக்குன்னு தேடினா ஒரு ஆள் கையில கெடைக்காது. ராஜாகிட்ட சுத்தமா இல்ல, 1974 சட்டத்துக்கு அப்புறம் அவர் பிரதமரைக் கூட நியமிக்கறதில்ல, சபாநாயகர்தான் பேர் சொல்வாரு.

கோதன்பர்க்_குமரன்:
மீதிப் பாதி?

உப்சாலா_பனி:
ஃபாக்கெட். யூனியன். ஸ்வீடன்ல சட்டப்படி குறைந்தபட்ச சம்பளம் எவ்ளோன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. கிடையாது. பூஜ்யம். 1938ல சால்ட்ஷோபாதன்னு ஸ்டாக்ஹோம் பக்கத்துல ஒரு கடலோர ஊர், அங்க ஹோட்டல்ல உக்காந்து முதலாளிங்க சங்கமும் தொழிலாளர் சங்கமும் கையெழுத்துப் போட்டாங்க, நம்ம சண்டைய நாமளே தீத்துக்குவோம், கவர்மென்ட் உள்ள வர வேணாம்னு. இன்னைக்கும் சம்பளம், ஓவர்டைம், பென்ஷன் எல்லாம் கொல்லெக்டிவ் அவ்டால்னு ரெண்டு சங்கம் போடற ஒப்பந்தத்துல வருது. வேலை பாக்கறவங்கள்ல சுமார் 70 சதவீதம் யூனியன்ல இருக்காங்க, சாஃப்ட்வேர் ஆளு, டாக்டர், பாதிரியார் உட்பட.

டெஸ்லா கதை பாத்திருப்பீங்க. 2023 அக்டோபர்ல மெக்கானிக்குங்க ஸ்ட்ரைக், கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுச்சு. உடனே துறைமுகத்துல டெஸ்லா வண்டிய எறக்க மாட்டோம்னாங்க, எலக்ட்ரீஷியன் ரிப்பேர் பண்ண மாட்டேன், தபால்காரங்க நம்பர் பிளேட் கவர் டெலிவரி பண்ண மாட்டோம்னாங்க. இதெல்லாம் இங்க சட்டப்படி சரி. வலதுசாரி கவர்மென்ட்தான் இருந்துச்சு, அவங்களும் இது ரெண்டு தரப்பு விஷயம்னு ஒதுங்கிட்டாங்க.

டாக்ஸ்கட்டி_சலிச்சவன்:
அதுக்குன்னு சோஷலிஸ்ட் நாடுன்னு யாரும் பீலா விட வேணாம். பணக்காரங்களோட மொத்தச் சொத்து மேல போட்ட வெல்த் டாக்ஸ் 2007ல போச்சு, வாரிசு வரி அதுக்கு முன்னாடியே 2004ல போச்சு, அத எடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க, சோஷியல் டெமாக்ரட்! அப்பன் கோடி வச்சிருந்தா பையனுக்கு வரி இல்லாமப் போகும், நான் மாசச் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு கட்டணும், கடையில 25 சதவீதம் மோம்ஸ், நம்ம ஜிஎஸ்டி மாதிரி, வேற. 1992ல இருந்து ஸ்கூல் வவுச்சர், கொம்மூன் காசுல ஸ்டாக் மார்க்கெட் கம்பெனி ஸ்கூல் நடத்தி லாபம் எடுக்குது. அமெரிக்காவுல கூட இப்படி யோசிக்க மாட்டான்.

கோதன்பர்க்_குமரன்:
இது சத்தியமா எனக்குத் தெரியாது. நான் பிள்ளைக்கு 480 நாள் லீவு குடுக்கற நாடு, சோஷலிசம்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். அதுல 90 நாள் அப்பாவுக்குன்னே ஒதுக்கினது, அம்மாவுக்கு மாத்திக் குடுக்க முடியாது, அதனாலயே நான் மூணு மாசம் வீட்ல இருந்து பாப்பாவப் பாத்துக்கிட்டேன். பார்க்ல எல்லாம் தாடி வச்ச ஆம்பளைங்க ஸ்ட்ரோலர் தள்ளிட்டு கூட்டமா நிப்பாங்க. எங்கப்பா வீடியோ கால்ல பாத்துட்டு வேலை போயிருச்சாடான்னு பதறிட்டாரு.

வடையும்_ஃபிகாவும்:
ஹாஹா எங்க வீட்லயும் அதேதான். நான் இடையில ஒண்ணு சொல்லிக்கறேன், அரசியல் இல்ல ஆனா அரசியல்தான். இங்க எல்லாரையும் "டூ", நம்ம பாஷையில நீ. மேனேஜரையும் நீ, டீச்சரையும் நீ, பிரதமரையும் டிவியில நிருபர் நீன்னுதான் கேப்பாங்க. எப்பவும் இப்படி இல்லையாம். அறுபதுகள் வரைக்கும் நேரா கூப்பிடவே தயங்குவாங்களாம், டாக்டர் காபி சாப்பிடறாரா, டைரக்டர் எப்ப வர்றாருன்னு ஆள முன்னாடி வச்சுக்கிட்டே படர்க்கையில பேசுவாங்களாம். 1967ல மருத்துவத் துறை ஆபீஸுக்குத் தலைவரா வந்த ப்ரூர் ரெக்செட் முதல் நாளே எல்லாரையும் நீன்னுதான் கூப்பிடுவேன் என்னையும் அப்படியே கூப்பிடுங்கன்னாரு, நாடே மாறிப்போச்சு. நான் என் மாமியார்கிட்ட ட்ரை பண்ணல, உயிர் முக்கியம்.

நெல்லியடி_அக்கா:
எங்கட ஆக்களுக்கு அந்த டூ பெரிய கஷ்டம் பிள்ளை, இண்டைக்கும் என்ர அவர் டொக்டரிட்டப் போனா பேர் சொல்லாமலே கதைச்சு முடிச்சிட்டு வருவார்.

டாக்ஸ்கட்டி_சலிச்சவன்:
எல்லாம் சரி, யாருமே பெரிய விஷயத்தத் தொட மாட்டேங்கறீங்களே. 2022ல மட்டும் 62 பேரை சுட்டுக் கொன்னிருக்காங்க, மொத்த மக்கள்தொகையே ஒரு கோடி சொச்சம். 14, 15 வயசுப் பசங்க ஃபோன் ஆப்ல காண்ட்ராக்ட் எடுத்துட்டுப் போய் சுடறான், ஏன்னா 15 வயசுக்குக் கீழ ஜெயில் கிடையாது. இத சொன்னா உடனே என்னை ஸ்வீடன் டெமாக்ரட்டுன்னு சொல்வீங்க.

உப்சாலா_பனி:
சொல்ல மாட்டேன், நம்பர் சரிதான். ஆனா எங்க நடக்குது ஏன் நடக்குதுன்னும் பாக்கணும். 1965ல இருந்து 74 வரைக்கும் பத்து வருஷத்துல பத்து லட்சம் வீடு கட்டினாங்க, நிஜமாவே கட்டி முடிச்சாங்க. ஸ்டாக்ஹோம்ல ரிங்கபீ, டென்ஸ்டா, மால்மோவுல ரூசென்கோட் பக்கத்துக் கட்டிடம் எல்லாம் அந்தத் திட்டம்தான். வசதி வந்த ஸ்வீடிஷ்காரங்க தனி வீடு வாங்கிட்டு வெளிய போனாங்க, புதுசா வந்தவங்க அங்க சேந்தாங்க, ஸ்கூல் பிரிஞ்சுச்சு, வேலை பிரிஞ்சுச்சு. அதுல போதைப்பொருள் கும்பல் உள்ள பூந்துச்சு. நீங்க நிக்கற வீட்டு க்யூவும் இதே கதையோட இன்னொரு முனைதான்.

டாக்ஸ்கட்டி_சலிச்சவன்:
க்யூவும் துப்பாக்கியும் ஒண்ணா? கட்டிடம் சுடலையே தல, ஆளுங்கதான் சுடறாங்க. இதே ஏரியாவுல வளந்து டாக்டர் ஆனவனும் இருக்கான்.

நெல்லியடி_அக்கா:
ரெண்டு பேரும் சொல்றதில கொஞ்சம் கொஞ்சம் சரி. நான் டென்ஸ்டாவில பதினோரு வருசம் இருந்தனான். என்ர ரெண்டு பிள்ளையளும் அங்கதான் வளந்தவை, ஒருத்தி மருத்துவத் தாதி, மற்றவன் ரெயில் ஓட்டுறான். அதே படியில கீழ் வீட்டுப் பெடியன் ஒருத்தன் இப்ப உள்ளுக்க. தாய் நல்ல மனுசி, ரெண்டு வேலை செய்தவ. எனக்கு இதுக்கு ஒரு சித்தாந்தமும் தெரியாது.

ஆனா இப்பதான் எல்லாம் மாறினது எண்டு கதைக்கிறதை மட்டும் நான் நம்பமாட்டன். 89 டிசம்பர் 13, லூசியா நாள், பிள்ளையள் வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியுமாப் பாடுற நாள், அண்டைக்குத்தான் அரசாங்கம் அகதி விதியை இறுக்கினது. சோஷியல் டெமொக்கிராட் அரசாங்கம். 91இல வெளிநாட்டவருக்கு எதிராக் கதைச்சுக்கொண்டு புதுக் கட்சி ஒண்டு பார்லிமெண்டுக்க வந்தது, மூண்டு வருசத்தில காணாமலும் போச்சுது. அதே காலம் ஸ்ரொக்கோமில ஒருத்தன் துப்பாக்கியில லேசர் வெளிச்சம் பூட்டிக்கொண்டு கறுத்தத் தலைமயிர்க்காரரைத் தேடித் தேடிச் சுட்டவன். பதினொரு பேர், அதில ஒருத்தர் செத்துப்போனார். பின்னேரம் இருட்டினாப் பிறகு நாங்கள் யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டுத்தான் லைற் போடுறது. அவர் ராத்திரி வேலை முடிஞ்சு வரேக்க ஒரு கம்பளித் தொப்பியைக் காதுமட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார், அது குளிருக்கு இல்லை.

2015இல ஒரு லட்சத்து 63 ஆயிரம் பேர் அகதியா வந்தினம். மால்மோ ஸ்ரேசனில ஸ்வீடிஷ் சனம் சாப்பாட்டோட நிண்டது. நவம்பரில கதவைச் சாத்தினதும் அதே சனம் தெரிவு செய்த அரசாங்கம்தான், கிரீன் கட்சி மந்திரி அறிவிக்கேக்க ரி.வியில அழுதா. நான் ரெண்டையும் பாத்தனான்.

கோதன்பர்க்_குமரன்:
அக்கா இத யாருமே எனக்குச் சொன்னதில்ல. அப்ப ஸ்வீடன் டெமாக்ரட் திடீர்னு முளைக்கலையா?

உப்சாலா_பனி:
1988ல ஆரம்பிச்ச கட்சி, வெள்ளையர் இனவாத கும்பல்ல இருந்த ஆளுங்க ஆரம்பிச்சது, இப்ப அவங்களே ஒரு புத்தகம் போட்டு அந்தக் காலத்த ஒத்துக்கிட்டாங்க. 2005ல யிம்மி ஓகெசன் தலைவர் ஆனதும் கோட் சூட்டு போட்டு சின்னத்தயும் தீப்பந்தத்துல இருந்து பூவுக்கு மாத்தினாங்க. 2010ல 5.7 சதவீதம், 2014ல 12.9, 2018ல 17.5, 2022ல 20.5. மத்த கட்சிங்க முதல்ல தொட மாட்டோம்னாங்க, அந்தப் பிடிவாதத்தால 2018 தேர்தலுக்கு அப்புறம் 134 நாள் அரசாங்கமே அமையல. கடைசியில வலது பக்கம் தொட்டுட்டாங்க. இடது பக்கமும் குடியேற்றத்துல ரொம்ப தூரம் நகந்து வந்தாச்சு. இத்தனைக்கும் 1917ல இருந்து ஒவ்வொரு தேர்தல்லயும் தனிப்பெரும் கட்சி சோஷியல் டெமாக்ரட்தான், ஒருத்தர், தாகே எர்லாண்டர், 23 வருஷம் பிரதமரா இருந்தாரு.

நேட்டோவும் அப்படித்தான். 1814க்கு அப்புறம் போரே போடாத நாடு, உக்ரைன் சண்டை வந்ததும் மூணே மாசத்துல அப்ளிகேஷன், துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடிச்சு 2024 மார்ச் 7ல 32வது மெம்பர். இருநூறு வருஷக் கொள்கைய மாத்த ஒரு வாக்கெடுப்பு கூட வைக்கல, பெருசா யாரும் சண்டையும் போடல. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

கோதன்பர்க்_குமரன்:
அப்டேட். சனிக்கிழமை சதுக்கத்துல கட்சிக்கு ஒரு குட்டி மரக்குடில் போட்டு வச்சிருந்தாங்க, வால்ஸ்டூகாவாம். மைக் இல்ல, கொடி இல்ல, ஒரு பெரிய பிளாஸ்க்ல காபி, ஒரு தட்டு பன்னு. நானும் பாப்பாவ ஸ்ட்ரோலர்ல வச்சுக்கிட்டு போனேன். ஒரு குடில்ல ரிட்டயர்ட் டீச்சர் ஒருத்தர் நின்னாரு, கொம்மூன் வேட்பாளர். நான் ரொம்ப தயாரா போய், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே மாட்டேங்குது நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அது ரீஜன், நீலச் சீட்டுன்னாரு. சரி ட்ராம்? அதுவும் நீலம். சம்பளம்? அது ஃபாக்கெட், மெம்பரா இருக்கீங்களா? பர்மிட்? அது மஞ்சள், உனக்கு ஓட்டு இல்ல, எனக்கு இருக்கு, மன்னிச்சுக்கோன்னு சொல்லி இன்னொரு பன்னு குடுத்தாரு. அப்ப உங்ககிட்ட என்னதான் கேக்கறதுன்னேன். ஸ்ட்ரோலர எட்டிப் பாத்து, இவ எந்த ஃபோர்ஸ்கோலா, ஒரு குரூப்ல எத்தன பிள்ளைங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல.

நெல்லியடி_அக்கா:
திங்கக்கிழமை போய் எண்ணிப் பாரும் தம்பி. எண்ணிப்போட்டு திரும்ப அவரிட்டப் போம். ரோஸ்ட்கோர்ட்டும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு முற்கூட்டியே லைப்ரரியில வாக்குப் போடலாம், வரிசை இருக்காது. நான் முதல்முதல் போட்டது 91இல, வெள்ளைச் சீட்டையும் நீலச் சீட்டையும் ஒரே கவருக்க போடப் பாத்து அங்க நிண்ட மனுசிதான் கையைப் பிடிச்சது.